லாம்ப்டன் துரையும் அரை டன் தியோடலைட்டும்

(இரண்டாம் ஆண்டு சிவில் மாணவி, செஞ்சி)



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் அண்ணன் கேட்டபோது, கவிதை எழுதிக் கொடுத்து விடலாம் என்றுதான் நினைத்தேன். கவிதைப் பக்கமெல்லாம் முன்னாடியே நிரம்பிடுச்சாம். ஒரு விஞ்ஞானியோட வாழ்க்கை வரலாறு கொடு என்றார். விஞ்ஞானி என்றாலே நம் மலரில் வருஷா வருஷம் எடிசனும் நியூட்டனும்தான் வருகிறார்கள். நான் எழுதப் போகிறவர் நம் சர்வே புத்தகத்தில் ஒரே ஒரு வரியில் வந்து போகிறவர். பரீட்சைக்கு வராது என்று அந்த ஒரு வரியையும் நாம் தாண்டிப் போயிருப்போம். கர்னல் வில்லியம் லாம்ப்டன் என்பது அவர் பெயர். இந்திய நிலத்தை முக்கோணம் முக்கோணமாக அளக்கத் தொடங்கி, அந்த வேலையிலேயே செத்தும் போனவர்.

இவரைத் தேடிப் போனதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. சர்வே கேம்ப்பில் நான் ஒரு தியோடலைட்டைக் கீழே போட்டேன். இது நம்மில் பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்குத் தப்பாகத் தெரியும். அதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன். முதலில் துரையைப் பற்றிச் சொல்லி விடுகிறேன்.

இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் என்ற பகுதியில், நார்த்தலர்ட்டன் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில், 1750-களின் நடுவில் லாம்ப்டன் பிறந்தார். வசதி இல்லாத குடும்பம். கணக்கு நன்றாக வருகிறது, பையன் சூட்டிகையாக இருக்கிறான் என்று கேள்விப்பட்ட அக்கம் பக்கத்துப் பெரிய மனிதர்கள் சேர்ந்து அவரை நார்த்தலர்ட்டன் பள்ளிக்கூடத்தில் சேர்த்து விட்டார்களாம். இந்த இடத்தைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைத்தது. பத்தாவது மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு, பாலிடெக்னிக் அப்ளிகேஷன் என்று ஒன்று இருக்கிறது, அதை வாங்கிப் பூர்த்தி செய்யணும் என்று எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னவரும் ஒரு பக்கத்து வீட்டுக்காரர்தான். எங்கள் வீட்டில் அதைப் படித்துப் பார்க்கவும் ஆள் கிடையாது. அப்பா ஊரில் கமிட்டி என்று சொல்லும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டை தூக்குகிறார். அம்மா களை எடுக்கப் போகிறது.

லாம்ப்டன் கணக்கை முடித்ததும் பட்டாளத்தில் சேர்ந்தார். அமெரிக்காக்காரர்கள் விடுதலைக்காக வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட காலம் அது. 1781-ல் யார்க்டவுன் என்ற இடத்தில் ஆங்கிலப் படை தோற்றுச் சரணடைந்தபோது பிடிபட்டவர்களில் இவரும் ஒருவர். விடுதலையான பிறகு கனடாப் பக்கம் நியூ பிரன்ஸ்விக் என்ற குளிர்ப் பிரதேசத்தில் படை முகாம்களைப் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம் கிடைத்தது. அங்கேயே பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஓடிப் போச்சு. சூரிய கிரகணத்தைக் கருவி வைத்துப் பார்த்தபோது ஒரு கண்ணில் பார்வை கெட்டுப் போனதும் அங்கே இருந்தபோதுதான் என்கிறார்கள். தியோடலைட்டில் பார்க்க ஒரு கண்ணே போதும் என்று நம் லேபில் யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. பாவம், அவர் வாழ்நாள் பூராவும் அப்படித்தான் பார்த்திருக்கிறார்.

மற்றவர்கள் சீட்டாடிக் கழித்த அந்த வருஷங்களை லாம்ப்டன் வானியலும் நில அளவையும் படித்தே கழித்தார். பூமி உருண்டைதான், ஆனால் எவ்வளவு தட்டையான உருண்டை என்பது அந்தக் காலத்து விஞ்ஞானிகளுக்குப் பெரிய கேள்வி. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு டிகிரி அட்சரேகைக்கு எத்தனை மைல், வடக்கே போகப் போக அது எவ்வளவு கூடுகிறது என்று அளந்து பார்த்தால்தான் விடை கிடைக்கும். ஐரோப்பாவில் அளந்து விட்டார்கள். சூடான, தெற்கு வடக்காக நீண்டு கிடக்கிற இந்தியாவில் யாரும் சரியாக அளந்ததில்லை. இந்த எண்ணம் அவர் மண்டைக்குள் போய் உட்கார்ந்து கொண்டது.

1797-ல் அவருடைய பட்டாளம் இந்தியாவுக்கு வந்தது. அப்போது வயது நாற்பதைத் தாண்டி விட்டது. இரண்டு வருஷம் கழித்து, 1799-ல் திப்பு சுல்தான் மேல் ஆங்கிலேயர் படையெடுத்தபோது லாம்ப்டனும் போனார். ஒரு நாள் ராத்திரி ஜெனரல் பெயர்டு என்பவர் தலைமையில் ஒரு படை இருட்டில் நடந்து கொண்டிருந்தது. லாம்ப்டன் நட்சத்திரத்தைப் பார்த்து, நாம் திரும்பிப் போகவில்லை, வடக்கே திப்புவின் பாசறையை நோக்கி நேராகப் போய்க்கொண்டிருக்கிறோம் என்று சொன்னாராம். ஜெனரல் முதலில் நம்பவில்லை. திசைகாட்டியை வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் படை திரும்பியது. அன்றைக்கு அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது. நம் திப்பு பக்கம் நின்று பார்த்தால் மூடிக்கொண்டே இருந்திருக்கலாம் என்றும் தோன்றுகிறது. துரை கம்பெனிக்காரர்களின் ஆள், இதை மறந்துவிட்டு அவரைப் புகழ முடியாது. நிலத்தை அளந்தால் படையை நகர்த்தலாம், வரி போடலாம் என்பதால்தான் கம்பெனி அவருக்குப் பணம் கொடுத்தது. மராட்டியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கை மாறி மாறிக் கிடந்த கோட்டை ஊரில் பிறந்த நமக்கு இது புதுசு இல்லை.

ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும், சென்னையில் தொடங்கி மேற்குக் கரை வரைக்கும் தீபகற்பத்தைக் குறுக்கே அளக்க வேண்டும் என்று லாம்ப்டன் திட்டம் எழுதிக் கொடுத்தார். அனுமதி சுலபமாகக் கிடைக்கவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போக வேண்டுமானால் பல்லக்குத் தூக்கிகளின் தலைவனிடம் சொன்னால் போதும், அவன் கொண்டு போய் விட்டுவிடுவான், இதற்கு எதற்கு இத்தனை செலவில் ஒரு வரைபடம் என்று சென்னை நிதி அதிகாரி ஒருவர் கிண்டலாகக் கேட்டாராம். நம்ம ஊரில் எங்கள் வகுப்பு லெவல் எடுத்துக்கொண்டிருந்தபோது, ரோடு எங்க போகுதுன்னு எங்களைக் கேட்டா சொல்ல மாட்டோமா என்று டீக்கடையில் ஒரு தாத்தா கேட்டார். இருநூறு வருஷமாக அதே கேள்விதான்.

அனுமதி கிடைத்த பிறகு கருவி வேண்டுமே. அங்கேதான் கதை சுவாரசியமாகிறது. நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி ஒன்று கல்கத்தாவில் கிடைத்தது. இரண்டரை அடிக் கம்பிகள் நாற்பது சேர்த்துச் செய்தது. அது முதலில் சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாக ஆங்கிலத் தூதுக்குழு 1793-ல் எடுத்துக்கொண்டு போனதாம். சக்கரவர்த்திக்குப் பிடிக்காமல் திரும்பி வந்த சங்கிலி நம் ஊர் மண்ணை அளக்க வந்து சேர்ந்தது. நட்சத்திரத்தின் உயரத்தைப் பார்த்து அட்சரேகையைக் கணக்கிடும் கருவி ஒன்றும் கிடைத்தது. எல்லாவற்றிலும் முக்கியமான தியோடலைட்டை லண்டனில் வில்லியம் கேரி என்ற கருவித் தொழிலாளி செய்து அனுப்பினார். வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்து மொரீஷியஸ் தீவுக்குக் கொண்டு போய்விட்டார்கள். விஞ்ஞானக் கருவி என்று தெரிந்ததும் மரியாதையாகச் சென்னைக்கே அனுப்பி வைத்தார்கள். எடை சுமார் அரை டன்.

அரை டன் என்பதை நான் அப்பாவிடம் சொன்னேன். அப்பா மனசுக்குள் ஏதோ போட்டுப் பார்த்து, எழுபத்தஞ்சு கிலோ நெல் மூட்டைன்னா ஆறரை மூட்டைக்கு மேல வருது, ஆனா மூட்டைன்னா பிரிச்சுத் தூக்கலாம், இதைப் பிரிக்க முடியாதே என்றார். சர்வே புத்தகம் எழுதினவர் யாரும் இப்படி யோசித்திருக்க மாட்டார்கள்.

தியோடலைட் வருவதற்கு முன்னாலேயே 1802 ஏப்ரல் 10-ம் தேதி லாம்ப்டன் வேலையைத் தொடங்கி விட்டார். பரங்கிமலைக்குப் பக்கத்திலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோடு. இதுதான் அடிக்கோடு, நாம் பேஸ் லைன் என்று படிப்பது. நூறு அடிச் சங்கிலியால் நானூறு தடவை. வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியை மரத்தொட்டிகளில் கிடத்தி, கூடாரம் போட்டு நிழலாக்கி, வெப்பமானி வைத்துக் குறித்துக்கொண்டே நகர்ந்திருக்கிறார்கள். கத்திரி வெயிலில் இந்த வேலை நடந்தது. விடை 40,006 அடியும் சில அங்குலமும். அந்தச் சில அங்குலத்துக்காகத்தான் அத்தனை பாடும்.

அடிக்கோடு ஒன்று கிடைத்து விட்டால் அப்புறம் சங்கிலியே வேண்டாம். இரண்டு முனையிலிருந்தும் தூரத்து மலை ஒன்றைப் பார்த்துக் கோணம் எடுத்தால் முக்கோணத்தின் மற்ற இரண்டு பக்கமும் கணக்கில் வந்து விடும். அந்தப் பக்கத்தை அடிக்கோடாக வைத்து அடுத்த முக்கோணம். இது ஒன்பதாவது படித்தவருக்கே புரியும் சங்கதிதான். நம் ராஜகிரி மேல் ஏறி நின்று மேற்கே பார்த்தால், வானம் தெளிவாக இருக்கிற நாளில் அண்ணாமலையார் மலை தெரியும். கார்த்திகைக்குத் தீபம் ஏற்றும்போது எங்கள் தெருவே மொட்டை மாடியில் நிற்கும். அந்த மலையையும் கிருஷ்ணகிரி மலையையும் சேர்த்து ஒரு முக்கோணம் போட்டுப் பார்த்தால் லாம்ப்டனின் வேலை பிடிபட்டு விடும். அவருடைய முதல் முக்கோண வரிசை நமக்குக் கிழக்கே, கடற்கரை மாவட்டத்தின் வழியாக இறங்கி, கடலூருக்குப் பக்கத்துத் திருவந்திபுரம் வரைக்கும் போனது. அங்கே எடுத்த அட்சரேகைதான் இந்தியாவில் அவர் அளந்த முதல் வில்லின் தெற்கு முனை. தேவநாதப் பெருமாள் கோவிலுக்கு மொட்டை போடப் போகிற நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பிறகு மேற்கே திரும்பி மங்களூர் வரை போனார். சென்னைக்கும் மங்களூருக்கும் நடுவில் நானூறு மைல் என்று பழைய படங்களில் இருந்ததை அளந்து பார்த்தால் முந்நூற்று அறுபது மைல்தான் வந்தது. நாற்பது மைல் நிலம் காகிதத்தில் மட்டும் இருந்திருக்கிறது!

இந்த இடத்தில் கருவியைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லணும். சிவில் இல்லாத நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும். தியோடலைட் என்பது ஒரு தொலைநோக்கியும் ஒரு வட்டத் தகடும் சேர்ந்தது, அவ்வளவுதான். தொலைநோக்கி தூரத்துக் கொடியைக் கிட்டே கொண்டு வருகிறது. உள்ளே குறுக்கும் நெடுக்குமாக இருக்கிற மெல்லிய இழை அந்தக் கொடியின் நடுவைப் பிடிக்கிறது. தொலைநோக்கி எவ்வளவு திரும்பியது என்பதை அடியிலிருக்கிற வட்டத்தில் கீறியிருக்கிற கோடுகள் சொல்கின்றன. பழைய கருவிகளில் காட்சி தலைகீழாகத் தெரியும். நம் லேபில் இருக்கிற ஒன்றில்கூட ஸ்டாஃப் பிடித்து நிற்கிற பையன் தலைகீழாகத்தான் நிற்பான். லாம்ப்டன் காலத்தில், இந்தக் குழலுக்குள் நம் வீட்டுப் பெண்களைத் தலைகீழாக்கிப் பார்க்கிறார்கள் என்று ஊர்க்காரர்கள் சண்டைக்கு வந்த கதைகளும் உண்டு.

லாம்ப்டன் கருவியின் வட்டத் தகடு மூன்று அடி விட்டம். ஏன் அவ்வளவு பெரிசு? நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்றடி வட்டத்தின் சுற்றளவில் ஒரு டிகிரிக்கு 8 மில்லிமீட்டர் இடம் கிடைக்கும். ஒரு டிகிரியில் 3,600 விநாடி. அப்படியானால் ஒரு விநாடிக் கோணம் என்பது அந்தத் தகட்டின் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவே. தலைமுடியை நீளவாக்கில் முப்பதாகக் கிழித்தால் ஒரு பங்கு எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. அதைப் படிக்கத்தான் தகட்டின் ஓரத்தில் மைக்ரோமீட்டர் பொருத்திய நுண்ணோக்கிகளை வைத்திருந்தார்கள். இதே வட்டத்தை நம் கருவி அளவுக்குச் சுருக்கினால் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் போகும். நம் லேபில் இருக்கிற வெர்னியர் தியோடலைட் 20 விநாடிக்குத்தான் படிக்கும். செஞ்சியிலிருந்து திருவண்ணாமலையைப் பார்க்கிறோம், தூரம் 37 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விநாடி தப்பினால் அங்கே 18 சென்டிமீட்டர் தப்பும். 20 விநாடி தப்பினால் மூன்றரை மீட்டர், ஒரு அறை அகலம் தள்ளிப் போய்விடும். லேசர், டோட்டல் ஸ்டேஷன், ஜி.பி.எஸ். எல்லாம் வந்து விட்ட இன்றைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் ஒரு நாள் வெயிலில் நின்று வெர்னியரைப் படித்துப் பார்க்கட்டும்.

இனி 1808-க்கு வருகிறேன். கன்னியாகுமரியை நோக்கித் தெற்கே போன லாம்ப்டன் காவிரி டெல்டாவுக்கு வந்து சேர்ந்தார். அங்கே மலை கிடையாது, மேடுகூடக் கிடையாது. வயலும் தென்னையும்தான். ஒரு தோப்பு அடுத்த தோப்பை மறைக்கும். உயரமாக இருப்பது கோவில் கோபுரங்கள் மட்டும். ஆகவே கோபுரங்களின் மேல் கருவியை ஏற்றிக் கோணம் எடுத்துக்கொண்டு வந்தார். தஞ்சாவூர்ப் பெரிய கோவில் விமானம் இருநூறு அடிக்கு மேல். அதன் மேல் அரை டன் கருவியைக் கயிறும் கப்பியும் வைத்துத் தூக்கினார்கள். பாதியில் கயிறு ஒன்று அறுந்தது. கருவி ஊஞ்சல் மாதிரி ஆடிப் போய் ராஜராஜன் கட்டிய கருங்கல் சுவரில் மோதியது. அடி நேராகப் போய் விழுந்தது டேன்ஜென்ட் ஸ்குரூவிலும் கிளாம்ப்பிலும். அந்த வேகத்தில் பெரிய வட்டத் தகடே நெளிந்து போய்விட்டது. ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு கணக்குப் பார்த்த தகடு, கண்ணாலேயே தெரிகிற மாதிரி கோணல்.

இப்போது என் கதையைச் சொல்கிறேன். திருவண்ணாமலை ரோட்டோரம், கிருஷ்ணகிரி மலை தெரிகிற பொட்டலில் எங்கள் பேட்ச் டிராவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. பாறை மேல் டிரைபாடை வைத்தேன். கால் மூன்றும் நின்று விட்டதா என்று அழுத்திப் பார்க்காமல் ரீடிங் எழுதப் புத்தகத்தை எடுக்கத் திரும்பினேன். கால் வழுக்கிக் கருவி சாய்ந்து பாறையில் விழுந்தது. மற்றவர்கள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்கள், யாரும் பார்க்கவில்லை. தூக்கித் துடைத்துப் பார்த்தேன். கண்ணாடி உடையவில்லை. மேலுக்கு ஒன்றும் தெரியவில்லை. பெட்டியில் வைத்துப் பூட்டி விட்டேன். வாயைத் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்றால், அந்தக் கருவியின் விலை எனக்குத் தெரியும். அப்பாவின் ஒரு நாள் கூலியும் தெரியும். ஒன்றை இன்னொன்றால் வகுத்துப் பார்த்தேன், அவ்வளவுதான். அத்தோடு, இத்தனை கஷ்டப்பட்டுப் பொண்ணைப் படிக்க வைக்கணுமா என்று கேட்ட சொந்தக்காரர்கள் முகமெல்லாம் வரிசையாக வந்து போச்சு. அடுத்த நாள் அந்தக் கருவி வேறு பேட்ச்சுக்குப் போனது. சாயந்திரம் கணக்குப் போட்டால் அவர்களுக்கு க்ளோசிங் எரர் எங்கேயோ போய் நின்றது. கவனமில்லாமல் எடுத்தீர்கள் என்று திட்டு வாங்கி, மறுநாள் மத்தியான வெயிலில் முழு டிராவர்ஸையும் திரும்ப எடுத்தார்கள். மறுபடியும் தப்பு. நான் அங்கேதான் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அன்றைக்கு ராத்திரி சாப்பிடப் பிடிக்கவில்லை. போய்ச் சாரிடம் சொன்னேன். அந்த பேட்ச் தோழர் தோழியரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டு விட்டேன். இங்கேயும் கேட்டுக்கொள்கிறேன்.

சார் நிறையவே திட்டினார். கருவி விழுந்ததற்கு ஒரு பங்கு, சொல்லாமல் இருந்ததற்கு மூன்று பங்கு. அபராதமும் உண்டு. எல்லாம் முடிந்த பிறகு பெட்டியைத் திறந்து டேன்ஜென்ட் ஸ்குரூவைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, தஞ்சாவூரில் லாம்ப்டன் போட்டதை விடவா நீ போட்டுவிட்டாய் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். லாம்ப்டன் யார் என்று கேட்க எனக்கு அப்போது தைரியம் இல்லை. லைப்ரரியில் தேட ஆரம்பித்தது அதனால்தான்.

லாம்ப்டன் என்ன செய்தார் தெரியுமா? வேலையை நிறுத்திவிட்டுக் கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்து கொண்டார். தலைமைக் கைத்தொழிலாளர்களைத் தவிர யாரையும் உள்ளே விடவில்லை. கருவியைப் பாகம் பாகமாகக் கழற்றினார். தட்டையான பெரிய பலகை ஒன்றில், வட்டத் தகடு எந்த அளவில் இருக்க வேண்டுமோ அதே அளவில் ஒரு வட்டத்தை வெட்ட வைத்தார். நெளிந்த தகட்டை அதற்குள் வைத்து, ஆப்பும் ஸ்குரூவும் கப்பியும் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்து, பலகையில் வெட்டிய வட்டத்தோடு ஒட்ட வைத்தார். வளைந்து போன ஆரக்கால்களைச் சின்ன மரச் சுத்தியால் தட்டித் தட்டி நேராக்கினார். இரும்புச் சுத்தி இல்லை, மரச் சுத்தி. இப்படி ஆறு வாரம். ஏறக்குறைய பழைய உருவத்துக்கே வந்துவிட்டது. அதே கருவியை எடுத்துக்கொண்டு கன்னியாகுமரி வரைக்கும் அளந்து முடித்தார்.

இந்தக் கதையை வீட்டில் சொன்னபோது அம்மா, ஆறு வாரமா, அதுவரைக்கும் அந்தாளு சாப்பிட்டாரா என்று கேட்டது. அப்பா வேறு ஒன்று கேட்டார். கயிறு பிடிச்சவங்க என்ன ஆனாங்க என்று. எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பல வருஷத்துக்கு முன்னாடி ஒரு மண்டியில் லாரியிலிருந்து இறக்கும்போது கயிறு அறுந்து மூட்டைகள் சரிந்து விட்டதாம். கயிறு முதலாளியோட கயிறு, நஞ்சு போன பழசு. ஆனால் ஒரு வாரக் கூலியைப் பிடித்துக்கொண்டது கீழே நின்ற ஆட்களிடம்தான். அப்பாவிடமும்தான். இத்தனை நாள் இதை எங்களிடம் சொன்னதே இல்லை. நான் புத்தகத்தை இன்னொரு தரம் புரட்டிப் பார்த்தேன். டேன்ஜென்ட் ஸ்குரூவில் அடி விழுந்தது வரைக்கும் எழுதியிருக்கிறார்கள். கயிறு பிடித்தவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஆனால் அவர்கள் இல்லாமல் ஒரு முக்கோணம்கூட முடிந்திருக்காது. மலை மேல் கருவியைச் சுமந்தவர்கள், காடு வெட்டிப் பார்வைக்கு வழி செய்தவர்கள், தூரத்துக் குன்றில் கொடி பிடித்து நாள் கணக்கில் நின்றவர்கள் எல்லாம் நம் பக்கத்து ஆட்கள். கணக்கிலும் கருவியிலும் துரைக்கு வலது கையாக இருந்த ஜோஷுவா டி பென்னிங் சென்னை சர்வே பள்ளிக்கூடத்தில் படித்து வந்தவர். 1794-ல் எட்டே பையன்களோடு தொடங்கிய பள்ளிக்கூடம் அது. அனாதை விடுதிப் பிள்ளைகளை எடுத்து அளவை சொல்லிக் கொடுத்தார்கள். அதுதான் வளர்ந்து பிற்பாடு கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் ஆனது. டிப்ளமோ என்றால் இளக்காரமாகப் பார்க்கிற கிண்டிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்கள் கல்லூரியின் வேர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளட்டும்!

கன்னியாகுமரிப் பக்கத்தில் முடித்ததும் லாம்ப்டன் வடக்கே திரும்பினார். கூத்தி, ஹைதராபாத், பீதர் என்று வருஷக்கணக்கில் கூடாரத்திலேயே குடித்தனம். மழைக்காலம், மலைக்காய்ச்சல் எதற்கும் நிற்கவில்லை. தெற்கு முனையிலிருந்து ஏறக்குறைய பத்து டிகிரி, எழுநூறு மைலுக்குக் கிட்டே, ஒரே நேர்கோட்டில் அளந்து முடித்தார். பூமியின் உருவத்தைக் கணக்கிட்ட ஐரோப்பிய விஞ்ஞானிகள் அந்த எண்களை எடுத்துப் பயன்படுத்தினார்கள். பல வருஷம் கண்டுகொள்ளாமல் இருந்த லண்டன் ராயல் சொசைட்டி கடைசியில் அவரை உறுப்பினராக்கியது. 1818-ல் அவருடைய வேலைக்கு மகா திரிகோண அளவை என்ற பெயரும், உதவிக்கு ஜார்ஜ் எவரெஸ்ட் என்ற வாலிபரும் கிடைத்தார்கள். ஆமாம், அந்த எவரெஸ்ட்தான். உலகத்திலேயே உயரமான மலைக்குச் சிஷ்யன் பெயர். அந்த அளவையைத் தொடங்கி வைத்த குருவுக்கு நம் பாடப்புத்தகத்தில் ஒரு வரி.

1823 ஜனவரி 20-ம் தேதி, ஹைதராபாத்திலிருந்து நாக்பூருக்குப் போகும் வழியில், ஹிங்கன்காட் என்ற ஊரில் முகாமிலேயே லாம்ப்டன் இறந்து போனார். வயது எழுபதை ஒட்டி இருக்கும். அதுவரை அவருடைய முக்கோணங்களுக்குள் அடங்கிய நிலம் சுமார் 1,65,000 சதுர மைல். தமிழ்நாட்டைப் போல மூன்று பங்குக்கும் மேல். சமாதி ஹிங்கன்காட்டிலேயே இருக்கிறது.

தியோடலைட் அவரோடு போகவில்லை. எவரெஸ்ட் அதை வைத்துக்கொண்டு மேலும் வடக்கே அளந்தார். 1830-ல் லண்டனிலிருந்து ஹென்றி பாரோ என்ற கருவி வல்லுநரைக் கூட்டி வந்து அதைப் புதுப்பிக்கச் செய்தார். பாரோவுக்குப் பிறகு, 1840-களில், கம்பெனி அரசாங்கத்தின் கணிதக் கருவி செய்பவர் என்ற பதவிக்கு வந்தவர் சையத் மீர் மொஹ்சின் உசேன். எந்த ஊர் தெரியுமா? நம்ம ஆற்காடு. சென்னையில் ஒரு நகைக்கடையில் கைவேலை பார்த்துக்கொண்டிருந்தவரை அடையாளம் கண்டு கல்கத்தாவுக்குக் கூட்டிப் போனார்கள். தியோடலைட் வட்டத்தில் கோடு கீறுவதில் எவரெஸ்ட்டே வியந்து பாராட்டிய கை அது. யாரையும் லேசில் பாராட்டுகிற ஆள் இல்லை எவரெஸ்ட். செஞ்சிக் கோட்டை 2025-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானபோது ஊரே பெருமைப்பட்டது, நானும்தான். பக்கத்து ஊர் மொஹ்சின் உசேனுக்கு ஒரு பெயர்ப் பலகையாவது வைத்தால் நன்றாக இருக்கும்.

நான் கீழே போட்ட கருவி லேபில்தான் இருக்கிறது. டேன்ஜென்ட் ஸ்குரூ மாற்றி, அட்ஜஸ்ட்மெண்ட் பார்த்து, முதலாமாண்டு பிள்ளைகளுக்குப் பாகங்களைக் காட்ட வைத்திருக்கிறார்கள். அப்பா ஒரு நாள் கல்லூரிக்கு ஃபீஸ் கட்ட வந்தபோது அதைக் காட்டினேன். தொடலாமா என்று கேட்டார். தொடலாம்ப்பா என்றேன். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஒரு விரலால் மட்டும் தொட்டுப் பார்த்தார். அப்புறம் டிரைபாடின் கால்களைக் குனிந்து பார்த்து, மூன்றையும் ஒவ்வொன்றாக அழுத்தி விட்டு நிமிர்ந்தார்.